இருளம்மாளின் குழவிக்கல்

வாருங்கள், ஓர் அநீதியை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், உத்தமபாளையத்துக்குச் சற்று முன்னே இறங்குங்கள். மேற்கே திரும்பாதீர்கள். அங்கே முல்லையாறு ஓடுகிறது. இருபோக நெல்லும் தென்னையும் உங்கள் கண்ணை மயக்கிவிடும். கிழக்கே பிரியும் வண்டித்தடத்தில் இரண்டு மைல் நடந்து வாருங்கள். வழியில் நிழலைத் தேடாதீர்கள். ஓடைக்கரைப்பட்டியைக் கடந்ததும், வெந்து கறுத்த பாறைகளுக்கு நடுவே திடுமென்று ஒரு பச்சை தெரியும். வேம்பும் புங்கும் வாகையும் உசிலையுமாக நானூறு மரங்கள் ஒரு கரட்டுக் குன்றின் தோளைப் போர்த்தியிருக்கும். சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலியின் வாசலுக்குப் பத்தடி தள்ளி, உச்சி வெயிலில், காலடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்பார். உள்ளிருந்து எவரேனும் வந்து தண்ணீர் ஊற்ற மாட்டார்களா என்று காத்து நிற்கிறார்.

அந்த நானூறு மரங்களையும் நட்டவர் அவர்.

பெயர் அம்மாவாசி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்குப் பிணக்குழி வெட்டுகிற வேலை. ஊர் அவரை ‘ஏலே’ என்று அழைக்கிறது. நான் ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த ஒரு திருத்தத்தைத் தவிர, அவருடைய வாழ்வில் இதுவரை எவரும் எதையும் திருத்தவில்லை.

மரம் மூடிய பிறகும் அந்தக் கரட்டை மொட்டைக்கரடு என்றே அழைக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதன் பெயர் ஊற்றுக்கரடு. அறுபத்து நான்காம் ஆண்டில், செங்கல் சூளைக்கு விறகு கேட்டு லாரிகள் வந்தன. ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டினார்கள், கோடரிகள் ஏறின. ஒரே கோடையில் கரடு உரிக்கப்பட்டது. அடுத்து வந்த ஐப்பசி மழை, பிடித்து நிறுத்த வேரில்லாத மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போயிற்று. மறு கோடையில், கரட்டடியில் காலங்காலமாகக் கசிந்த ஊற்று நின்றது. பாறை பகலெல்லாம் காய்ந்தது. ஊர்ப் பக்கம் வீசிய காற்று அடுப்படிக் காற்றாயிற்று. கறுத்து வந்த மேகங்களும் கரட்டின்மேல் நிற்காமல் வருசநாட்டு மலைகளை நோக்கிக் கடந்தன. மரத்தை வெட்டினோம் என்றுதான் ஊரார் எண்ணினார்கள். மழையையும் வெட்டினோம் என்று எண்ணியவர் ஒருவரும் இல்லை.

ஊருக்கு அதனால் பெரிய நட்டமும் இல்லை. ஊருக்குக் கிணறு இருந்தது. ஊற்றோ சேரியின் உயிராக இருந்தது. பாறை இடுக்கில் தேங்கிய நீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பிய பெண்கள், ஊற்று நின்ற நாள்முதல் ஊர்க்கிணற்றடிக்குப் போய் எட்ட நின்றார்கள். கயிற்றைத் தொடக் கூடாது. கல்லை மிதிக்கக் கூடாது. எவரேனும் மனம் வைத்து ஊற்றினால் குடம் நிறையும். மனம் வைக்காவிட்டால் வெறுங்குடம் வீடு திரும்பும்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி இருளம்மாள், அம்மாவாசியின் மனைவி. ஒருநாள் காலையில் போனவள் வெயில் சாயும்போது அரைக்குடத்தோடு வந்தாள்.

“இம்புட்டு நேரமா?” என்றார் அம்மாவாசி.

“மாயக்கா மருமக குளிச்சு முடிக்கணுமாம். பெறகு அவுக எருமை குளிச்சு முடிக்கணுமாம்” என்றாள் அவள். குடத்தை இறக்கி வைத்தாள். “நிக்கிறதுகூடப் பரவாயில்லய்யா. ஊத்தும்போது குனியச் சொல்லுறாக பாரு. குடந்தான தண்ணி வாங்குது? நான் எதுக்குக் குனியணும்?”

அந்தக் கேள்விக்கு விடையாக அவரிடம் ஒரு கடப்பாரை இருந்தது. எங்கே பாறை, எங்கே மண் என்று அந்தக் கடப்பாரையின் ஓசையிலேயே அறிகிறவர் அவர். ஊற்று செத்தது மரம் செத்ததனால் என்பதை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. வேர் இருந்த இடத்தில் ஈரம் இருக்கும் என்பது அன்றாடம் பூமியைத் தோண்டுகிறவனுக்குத் தெரியாதா? ஊர்க்கிணற்றைத் திறக்கச் சொல்ல அவருக்கு வலிமை இல்லை. ஊற்றைத் திறக்கலாம் என்று நினைத்தார். அறுபத்தாறில், ஊரில் சாவு விழாத நாட்களிலெல்லாம் அவர் கரட்டின்மேல் ஏறிக் குழி வெட்டத் தொடங்கினார்.

ஆடு மேய்க்கும் வேலுச்சாமி, ஊர்க்காரர், பாறைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“ஏலே அம்மாவாசி! ஊர்ல ஒருத்தரும் சாகலையே, யாருக்குடா இத்தன குழி?”

“ஆளுக்கு இல்ல சாமி. மரத்துக்கு.”

“மரத்தப் பொதைக்கப் போறியா?”

“ஆமா சாமி. பொதைச்சா எந்திரிச்சு வர்ற சாதி அது ஒண்ணுதான்.”

வேலுச்சாமி சிரித்தார். சிரித்தபடியே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆடுகள்தாம் பின்னால் வினையாயின.

அம்மாவாசியின் கைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சாவு வீட்டில், கொள்ளிக்குடத்தை அரிவாள் முனையால் தட்டி ஓட்டை போடுவது அவர் வேலை. குடம் உடையக் கூடாது. ஓட்டை மட்டும் விழவேண்டும். அந்தக் கைத்திறனைச் சாவிலிருந்து எடுத்து உயிருக்குக் கொடுத்தார். சேரியில் வாய் உடைந்த பானைகளையெல்லாம் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை; ஓட்டையில் ஒரு துணித்திரி; பானையைக் கன்றின் அருகே கழுத்துவரை புதைத்து, மாடு கலக்கிய குட்டைத் தண்ணீரைச் சுமந்து வந்து நிரப்பினார். திரி வழியே சொட்டுச் சொட்டாக நீர் வேருக்கு இறங்கியது. கணவாய் வழியே வந்து பள்ளத்தாக்கையே உலுக்குகிற ஆடிக்காற்று கன்றுகளைப் பிடுங்காதபடி, ஒவ்வொன்றுக்கும் மேற்குப் புறத்தில் பிறைபோலக் கல்லடுக்கினார். நெஞ்சில் ஈரமில்லாத மனிதர்களுக்கு நடுவே, நிலத்துக்கு ஈரம் ஊட்ட ஒருவர் ஓட்டைப் பானை சுமந்தார்.

முதல் ஆண்டுக் கன்றுகளை ஆடு தின்றது. இரண்டாம் ஆண்டுக் கன்றுகளையும் தின்றது. முள் வெட்டிப் போட்டார். அடுப்புக்கென்று முள்ளை எடுத்துப் போனார்கள். கடைசியில், ஊர்த்தலைவரும் நெல் வியாபாரியுமான குருசாமியிடம் போய்க் கைகட்டி நின்றார்.

“ஆட்டுக்கு வாய் இருக்கு, செடிக்கு எலை இருக்கு” என்றார் குருசாமி. “நடுவுல நான் என்னலே செய்ய?”

மூன்றாம் ஆண்டுக் கோடையில் இருளம்மாளின் அம்மிக்குழவி, வாசற்படிக் கல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உடைந்த பாதியைத் தூக்கி நிறுத்திவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்யா, இந்த ஊரு ரெண்டுக்குத்தான் பயப்படும். ஒண்ணு போலீசு. இன்னொண்ணு சாமி. போலீசு நம்ம கூப்பிட்டா வராது.”

“சாமி மட்டும் வந்துருமாக்கும்?”

“வராது. நம்மதான் கொண்டுபோய் வைக்கணும்.”

அம்மாவாசி சிரிக்கவில்லை. “பொய்யில்லையா இருளு?”

“செடி நெசந்தான? அதுக்குக் காவல் பொய்யா இருந்தா என்ன?”

இந்த வார்த்தையை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நல்லவளின் வாயிலிருந்து வந்த தவறான வார்த்தை இது. 

வீரபாண்டியில் அம்மனுக்குச் சித்திரைத் திருவிழா. ஊரும் சேரியும் வண்டி கட்டிப் போய்விட்டன; கரட்டுப் பக்கம் ஓர் ஆள் இல்லை. பட்டப்பகலில் கணவனும் மனைவியும் குழவியைச் சுமந்து ஏறினார்கள். கன்றுகளின் நடுவே குழி தோண்டி அதை நட்டார் அம்மாவாசி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள் இருளம்மாள். வேப்பிலை சாத்தி, பழைய சேலைக் கிழிசலை மஞ்சளில் நனைத்துச் சுற்றினாள். எட்ட நின்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நேத்துவரை எங்கையில மொளகாய்க்கு அழுதவ, இன்னிக்கு எப்பிடி உக்காந்திருக்கா பாரேன்!”

திருவிழா முடிந்து வந்தவர்களில் அதை முதலில் கண்டவர் வேலுச்சாமி. அவர் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது. “ஆத்தா! வீரபாண்டில இருந்து நம்ம வண்டிக்குப் பின்னாலயே நடந்து வந்துட்டா!” என்று ஊர்க்காரி மாயக்காள் தரையில் விழுந்தாள். அன்று மாலையே அதற்குக் கரட்டாத்தா என்று பெயரும் வந்துவிட்டது. மறுவாரம் வேலுச்சாமிக்குக் காய்ச்சல் கண்டது. சித்திரை வெயிலில் ஆடு மேய்க்கிற எவருக்கும் வருகிற காய்ச்சல்தான். ஆத்தாளின் கன்றை ஆடு தின்றதனால் வந்தது என்று அவரே சொன்னார். அதன்பின் ஆடுகள் கரட்டில் ஏறவில்லை. கோடரியும் ஏறவில்லை.

தோழர்களே, ஒரு மனிதர் மூன்று ஆண்டு கெஞ்சினார்; எவரும் கேட்கவில்லை. மிளகாய் அரைத்த கல் ஒருநாள் மஞ்சள் பூசிக்கொண்டது, கேட்டார்கள். வெட்கப்பட வேண்டியவர் அம்மாவாசியா? ஆயினும் பிழை பிழைதான். பொய்யைக் காவலுக்கு அமர்த்தியவர், அந்தக் காவல் ஒருநாள் தம்மையே தடுத்து நிறுத்தும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

மரங்கள் வளர்ந்தன. அம்மாவாசி ஆண்டுதோறும் புதுக் கன்றுகள் நட்டார்; ஆத்தாளுக்குப் பணிவிடை செய்கிறான் என்று ஊர் விட்டுவிட்டது. அந்த ஆண்டுகளில் அவர் வீட்டுக்குள் மட்டும் ஒரு சிரிப்பு இருந்தது. கரட்டாத்தாவுக்கு ஊரார் பொங்கல் வைத்த நாளில், “எங்குழவிக்கு வந்த மவுசு எனக்கு வரலையே” என்று இருளம்மாள் முகவாயில் கைவைப்பாள். அவர் அடக்க மாட்டாமல் சிரிப்பார். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த சிரிப்பு அது. ஒரே மகள் பவுனு, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறியவள் வண்டன்மேட்டுப் பக்கமே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை.

எழுபத்து நான்காம் ஆண்டுக் கோடையில் ஊர்க்கிணறு வற்றியது. ஊரார் தங்களுக்கே போதாது என்றார்கள். சேரி குட்டைத் தண்ணீரைக் குடித்தது. மூன்று நாள் வயிற்றுப்போக்கில் இருளம்மாள் போனாள். சேரியில் குழி வெட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் மண்வெட்டியை வாங்க வந்தார்கள், அவர் கொடுக்கவில்லை. ஆழம் சரியாக இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார்.

அன்றோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. குழவியின் கதை அவர் ஒருவர் நெஞ்சில் தங்கிப் பாரமாயிற்று. வேறெந்தத் துயரத்தையும் பிறரிடம் இறக்கி வைக்கலாம். பிறர் அழவாவது செய்வார்கள். இந்தப் பாரத்தை எங்கே இறக்குவது? ஊர் கையெடுத்துக் கும்பிடும்போது அவரும் எட்ட நின்று கையெடுத்தார். கும்பிட்ட கைகளுக்குள்ளே இருந்தது, மிளகாய் மணக்கிற இன்னொரு கையின் நினைவு. அதை அறிந்தவர் எவருமில்லை.

எழுபத்தேழில் நல்ல மழை. அடுத்த தை மாதத்தில் ஒரு காலை, கரட்டடியில் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்தவரின் விரல்கள் குளிர்ந்தன. பாறை இடுக்கில் ஈரம். கையால் மண்ணைத் தோண்டினார். உள்ளங்கை அளவு குழியில் நீர் கண் திறந்தது.

“இருளு, இங்கன வந்து பாரு!”

வாய் தவறி அழைத்துவிட்டார். பாறைகள் அந்தக் குரலை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கின. பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஒருவர் அடைந்த வெற்றியைக் கேட்க அங்கே காதில்லை. அவர் அந்த நீரைக் குடிக்கவும் இல்லை. நெடுநேரம் அதன் அருகே குந்தியிருந்துவிட்டுச் சேரிக்குப் போய்ச் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் சேரிப் பெண்கள் எவர் முன்னும் குனியாமல் தண்ணீர் எடுத்தார்கள். இரண்டே ஆண்டுகள். 

எண்பதில் ஊர் கூடியது. கரட்டாத்தாவின் காலடியில் சுரப்பது தீர்த்தம் என்று முடிவாயிற்று. சிமெண்டு மேடை எழுந்தது. தகரக் கூரை எழுந்தது. தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. சேரிக்காரர்கள் உள்ளே வரக் கூடாதென்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாரும் படித்துக்கொள்கிற எழுத்து நம் நாட்டில் ஒன்று உண்டல்லவா? வாசலுக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். உள்ளே இருந்து யாராவது வந்து ஊற்றுவார்கள்.

வேலி கட்டி முடித்த மறுநாள் அம்மாவாசி, குருசாமியின் நெல் களத்துக்குப் போனார். குருசாமி சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“சாமி, ஒரு வார்த்தை.”

“சொல்லுலே.”

“அந்தச் சாமி… சாமி இல்ல, சாமி.”

“என்னலே ஒளர்ற?”

“அது எம்பொண்டாட்டி அரைச்ச அம்மிக்குழவி, சாமி. ஒடைஞ்ச பாதி. ஆடு திங்காம இருக்கட்டும்னு நாங்கதான் வச்சோம். தப்புத்தான். ஆனா அது கல்லு. அதுக்காக எங்க சனத்த வெளிய நிறுத்துறது ஞாயமில்ல.”

குருசாமி கோபப்படுவார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அடிக்கவும் அடிக்கலாம் என்று எதிர்பார்த்திருந்தார். குருசாமி சிரித்தார்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? குழவிக்கும் செலைக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் யாவாரம் பாக்கேன்? பாத்த அன்னிக்கே தெரியும்லே.”

இத்தனை ஆண்டும் தாம் ஒருவரே சுமப்பதாக எண்ணிய உண்மையை, இந்த மனிதர் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

“சரி, நீ சொல்றபடியே வச்சிக்கிருவோம்” என்றார் குருசாமி. “நாளைக்கு ஊரக் கூட்டி, அது குழவின்னு நானே சொல்லுறேன். அது வெறுங்கல்லுன்னா அங்கன நிக்கிறது வெறும் மரம். புறம்போக்கு மரம். சூளைக்காரன் போன வாரங்கூட வந்து கேட்டான். ஆத்தா தோப்புய்யான்னு திருப்பி அனுப்புனேன். ஆத்தா இல்லன்னா? ஒரு வாரத்துல தறிச்சு எடுத்துட்டுப் போயிருவான். மரம் போனா ஊத்து இருக்குமாலே? நீதான் பெரிய மரத்து ஆளு, நீயே சொல்லு.”

அம்மாவாசி குனிந்து, காலடியில் சிதறிய நெல்மணிகளைக் களத்துக்குள் ஒதுக்கினார்.

“ஒனக்கு மரம் வேணுமா, ஒன் நெசம் வேணுமா? யோசிச்சுட்டு வா. அவசரமில்ல.”

அவர் மறுபடி போகவில்லை. மூன்று ஆண்டுகள் அந்தக் கேள்வியோடு வாழ்ந்தார். உண்மையைச் சொன்னால் தோப்பு சாகும்; சொல்லாவிட்டால் மானம் சாகும். காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நிற்பார். உள்ளே தம் மரங்கள் அசைவதைப் பார்ப்பார். எது வளைந்த வாகை, எது இடி விழுந்து தழைத்த வேம்பு என்று அவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். பட்டை உரிந்த ஒரு புங்கமரத்துக்குச் சாணம் அப்ப வேண்டும் என்று தெரியும். கை எட்டாது. நண்பகலில் வேலியைத் தாண்டி வெளியே விழுகிற நிழல் ஒரு சாண்கூட இல்லை.

ஊற்ற வருகிறவள் பெரும்பாலும் மாயக்காள்தான். “குனிஞ்சு பிடிடா அம்மாவாசி, தீர்த்தம் சிந்துது” என்பாள்.

அவர் குனிந்தார். இருளம்மாள் அன்று கேட்ட கேள்வியை ஒவ்வொரு நாளும் தம் முதுகெலும்பில் சுமந்து குனிந்தார்.

சென்ற ஐப்பசியில் மழை பொய்த்தது. இந்த ஆண்டு, எண்பத்து மூன்றில், பங்குனி பிறந்ததும் ஊர்ப் பெரியவர்கள் புதிதாக ஒன்று அறிவித்தார்கள்: தீர்த்தம் குறைகிறது, இனி ஆத்தாளின் அபிஷேகத்துக்குப் போக மீந்தால்தான் சேரிக்கு. முதல் வாரத்திலேயே மீதம் இல்லை என்றார்கள். சேரிப் பெண்கள் மறுபடி குட்டைக்கு நடந்தார்கள். பழைய குட்டை; அதே கலங்கல்.

அன்று அம்மாவாசி முடிவு செய்தார். சேரி மக்களைக் காலையில் கூட்டினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: குழவி உடைந்தது, சுமந்தது, மஞ்சள் பூசியது, சிரித்தது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜக்கம்மா என்ற கிழவி மண்ணை வாரி வீசினாள். “வாயக் கழுவுடா! எம்பேத்திக்கு அவ பேரத்தான் வச்சிருக்கேன். ஆத்தா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா!”

தேனிச் சந்தையில் மூட்டை தூக்கும் கர்ணன் பொறுமையாகப் பேசினான். “மாமா, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். சாமி இல்லன்னு ஆயிட்டா மரத்த வெட்டிருவாகளே? வெளிய நின்னாலும் மழ பேஞ்சா ஒரு கொடமாச்சும் கெடைக்கும்ல?”

“அதுக்குத்தான் ஆள் கேக்கேன் மாப்ள. சாமியத் தூக்கிட்டா அந்த எடத்துல மனுசன் நிக்கணும். மொறை வச்சு நிப்போம். கோடரி வந்தா மரத்தக் கட்டிப் பிடிப்போம். பத்துப் பேரு போதும்.”

“பத்துப் பேரு மேல கேசு போட்டா?”

“போடட்டும்.”

“ஒங்களுக்கென்ன மாமா, தனிக்கட்ட” என்றான் கர்ணன். வன்மம் இல்லாமல்தான் சொன்னான்.

மக்கள் கலைந்தார்கள். அந்த வாரம் அவரோடு பேச எவரும் வரவில்லை. அடுப்புக்குத் தீக்குச்சி கேட்கப் போனால் கதவைச் சாத்தினார்கள். வீடு வீடாகப் போனார். மரத்துக்குக் காவல் நிற்க வருவீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். ஊரில் வேலுச்சாமி, சேரியில் சொந்தத் தங்கை வீடு, உத்தமபாளையத்தில் பகுத்தறிவுப் பேச்சாளர்கள் தங்குகிற படிப்பகம் எல்லாம் போய்க் கேட்டார். படிப்பகத்தில் துண்டறிக்கை கொடுத்தார்கள், ஆள் கொடுக்கவில்லை. மேடையில் ‘சாமி இல்லை’ என்று ஓங்கிய கைகள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை ஆயிரம்! அவற்றில் ஒரு கை, ஆடு தின்னாமல் ஒரு கன்றுக்கு வேலி கட்டியதுண்டா? கட்டியிருந்தால் ஓர் ஏழை தன் அம்மிக்குழவியை நட்டிருப்பாரா?

எட்டாம் நாள் காலையில் பாண்டியம்மாள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வெள்ளிக்கிழமை தவறாமல் வேலிக்கு வெளியே நின்று கரட்டாத்தாவுக்குச் சூடம் ஏற்றுகிறவள்.

“அண்ணே, எனக்கு ஆத்தா மேல நம்பிக்கை இருக்கு. நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு நான் பாக்கல.”

“சரி தாயி.”

“ஆனா எங்கொடத்த நானே முக்கி எடுக்கணும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. எம்பேரச் சேத்துக்கங்க.”

“பத்துக்கு ரெண்டு ஆச்சு” என்றார் அம்மாவாசி.

“மிச்சம் எட்டுப் பேரு எங்கருந்து வருவாக?”

அவர் வேலியின் பக்கமாகப் பார்த்தார். “யாருக்காச்சும் கேக்கும்” என்றார். “நம்ம சொல்லிக்கிட்டே இருக்கணும்.”

நான் இதை எழுதுவது அவர் சொல்லித்தான். இதை அச்சில் ஏற்றினால் மரங்களின் ஒரே காவல் போய்விடும் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். அறிந்தே ஏற்றுகிறேன். இதைப் படித்து முடித்த இந்த நொடியில் மொட்டைக்கரட்டில் தெய்வம் இல்லை. நானூறு மரங்களும் ஓர் ஊற்றும் கோடரிக்கு முன்னே காவலின்றி நிற்கின்றன. குருசாமி வகையறாக்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இனி நீங்கள். மரமா, மானமா என்று ஒரு மனிதரைத் தனியே நிறுத்திக் கேட்டார்களே, அவர் பக்கத்தில் எட்டுப் பேர் நின்றால் அந்தக் கேள்வியே செத்துவிடும்.

வைகாசி மாதம் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி. அன்று அம்மாவாசியும் பாண்டியம்மாளும் வேலிக்குள்ளே நடந்து போய் ஊற்றில் தண்ணீர் எடுப்பார்கள். நீங்கள் அனுதாபம் எழுதி அனுப்ப வேண்டாம். மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். உத்தமபாளையத்துக்கு முன்னே இறங்குங்கள், கிழக்கே திரும்புங்கள். எட்டுப் பேர் வாருங்கள். ஆளுக்கொரு மண்வெட்டியும் பத்து வேப்பங்கன்றும் கொண்டு வாருங்கள்.

எட்டுக்கு மேல் வந்துவிட்டால் திரும்பிப் போகாதீர்கள். அடுத்த கரடும் மொட்டையாகத்தான் கிடக்கிறது.